கேஜ் 640 காட்டியது, கூழ் 60 டிகிரியில் கொதித்தது: கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மே பிறந்தால் ஜூலை முடியும் வரை மாங்கூழ் ஆலைகளுக்கு இரவு பகல் கிடையாது. காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி, சந்தூர்ப் பக்கத்துத் தோப்புகளில் இருந்து டிராக்டரிலும் மினி லாரியிலும் வந்து இறங்கும் காயில் பெரும்பங்கு பெங்களூரா, அதாவது கிளிமூக்கு. நான் எழுதப்போகும் ஆலை அந்தப் பகுதியில் உள்ள ஒரு நடுத்தர ஆலை. பழத்தைக் கழுவி, வெட்டி, கூழாக்கி, டின்னில் அடைப்பது அவர்களின் பழைய தொழில். அதோடு சில வருடங்களாகக் கூழை வற்றவைத்துக் கெட்டிக்கூழாகவும் விற்கிறார்கள்.

பெங்களூரா கூழில் சாதாரணமாக 14 முதல் 16 பிரிக்ஸ் (நூறு கிராம் கூழில் கரைந்திருக்கும் சர்க்கரையின் கிராம் கணக்கு) வரை இருக்கும். வாங்குபவர்கள் கேட்பது 28 பிரிக்ஸ். கணக்கு எளிது: 14-ஐ 28 ஆக்க வேண்டும் என்றால் பாதி எடையைத் தண்ணீராக வெளியே அனுப்ப வேண்டும். ஒரு டன் கூழுக்கு 500 கிலோ நீராவி. திறந்த அண்டாவில் வைத்து இதைச் செய்தால் கூழ் 100 டிகிரிக்குப் பக்கத்தில் மணிக்கணக்காகக் கொதித்து நிறமும் மணமும் கெட்டுப் பழுப்பாகிவிடும். அதனால்தான் மூடிய கலத்தில், காற்றழுத்தத்தைக் குறைத்து, 50 டிகிரிக்கு முன்பின்னாகக் கொதிக்க வைக்கிறார்கள். ஒரு திரவத்தின் ஆவியழுத்தம் அதன் மேல் இருக்கும் அழுத்தத்தை எட்டும்போதுதான் அது கொதிக்கத் தொடங்கும். மேலே உள்ள அழுத்தத்தைக் குறைத்தால் கொதிநிலையும் இறங்கும். 60 டிகிரியில் தண்ணீரின் ஆவியழுத்தம் 149 மிமீ பாதரசம், 50 டிகிரியில் 92.5, 45 டிகிரியில் 72. இந்த எண்கள் பின்னால் திரும்பத் திரும்ப வரும், கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆலையில் இருந்தது ஒரு டன் பிடிக்கும் வேக்கம் பான், அதாவது காற்றழுத்தம் குறைத்த அந்த மூடிய கலம். சுற்றிலும் ஸ்டீம் ஜாக்கெட் (ஸ்டீம் ஓடும் வெளியுறை), உள்ளே கலக்கி, மேலே குவிமாடம். குவிமாடத்தில் இருந்து ஆவி ஒரு பெரிய குழாயில் போய், துளிகளைப் பிடிக்கும் கம்பிவலை வைத்த ஒரு பெட்டியைக் கடந்து (அங்கே அதைச் செபரேட்டர் என்பார்கள்) கண்டென்சருக்குள் நுழையும். அங்கே கூலிங் டவர் தண்ணீர் ஓடும் குழாய்களில் பட்டு மீண்டும் தண்ணீராகும். கடைசியில் வேக்கம் பம்ப். இந்த வரிசை முக்கியம்: பான், செபரேட்டர், கண்டென்சர், பம்ப்.

ஆலைகளுக்கு ஸ்டீம், குளிர்நீர் சம்பந்தமான வேலைகளைப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். சீசன் நடுவில் ஆலை உரிமையாளர் கூப்பிட்டபோது கேட்ட கேள்வி ஒன்றுதான்: "புது வேக்கம் பம்ப் எந்த சைஸ் வாங்கலாம்?"

## நான் போவதற்கு முன் நடந்தது

லாக் புக்கையும், பானை ஓட்டுகிறவரையும் பாய்லர்க்காரரையும் விசாரித்ததையும் வைத்துச் சேர்த்த வரலாறு இது.

சீசன் தொடங்கிய முதல் வாரங்களில் எல்லாம் சரியாக இருந்தது. ஒரு பேட்ச் மூன்று மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாக எடுத்தது, நிறம் நல்ல மஞ்சள். அப்புறம் ஒரு மாலை காற்றும் மழையும் அடித்துக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்கச் சுமார் 20 நிமிடம் ஆகியிருக்கிறது. அந்த நேரத்தில் கலக்கி, குளிர்நீர் பம்ப், வேக்கம் பம்ப் மூன்றும் நின்றுவிட்டன. ஆனால் ஜாக்கெட்டுக்குப் போகும் ஸ்டீம் வால்வு கைவால்வு. பாய்லரில் இருந்த அழுத்தத்துக்கு ஸ்டீம் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது, இருட்டில் யாரும் அதை மூடவில்லை. கரண்ட் வந்ததும் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஓட விட்டிருக்கிறார்கள். அன்றைய பக்கத்தில் "கூழ் 80°" என்றும் அதற்குக் கீழே "கண்டென்சர் தண்ணி மஞ்சள்" என்றும் எழுதியிருந்தது. அதை எழுதியவர் பானை ஓட்டுகிறவர், பல சீசன் பார்த்தவர். அந்த வரியை யாரும் அப்போது கண்டுகொள்ளவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் பேட்ச் நேரம் நான்கு மணியாகி ஐந்தைத் தொட்டது. மேற்பார்வையாளர் ஸ்டீமை ஒரு கிலோவில் இருந்து (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு) இரண்டு, பிறகு மூன்று கிலோ அழுத்தத்துக்கு ஏற்றச் சொன்னார். ஒரு கிலோவில் ஸ்டீமின் வெப்பம் சுமார் 120 டிகிரி, மூன்று கிலோவில் 143. முதல் நாள் வேகம் கூடியது போல இருந்தது, அப்புறம் பழையபடி மந்தம். கூழில் கருந்துகள்கள் தெரிய ஆரம்பித்தன. ஒரு லோடு பரிசோதனையில் நிறம் போதாது என்று திரும்பி வந்தது.

இந்தச் சமயத்தில்தான் யாரோ இயந்திரத்தோடு வந்த கையேட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். "கேஜ் 700 மிமீ, கொதிநிலை 42 டிகிரி" என்று அதில் இருந்தது. ஆலையின் கேஜ் காட்டியது 640. ஆக 60 மிமீ குறைவு, பம்ப் தேய்ந்துவிட்டது என்று முடிவாகிவிட்டது. கேஸ்கெட் எல்லாம் மாற்றினார்கள், பம்பைக் கழற்றி மாட்டினார்கள், 640 நகரவில்லை.

## பார்த்தவை

நான் போனபோது ஒரு பேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. கூழுக்குள் இருந்த தெர்மாமீட்டர் 63, குவிமாடத்தில் ஆவியைத் தொடும் தெர்மாமீட்டர் 60, கேஜ் 640.

முதலில் அந்த 700 கணக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது, ஏனென்றால் ஆலை முழுக்க அதைத்தான் துரத்திக்கொண்டிருந்தது. வேக்கம் கேஜ் காட்டுவது உள்ளே இருக்கும் அழுத்தத்தை அல்ல, வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு குறைவு என்பதை. கடல் மட்டத்தில் வெளிக்காற்று 760 மிமீ. அங்கே கேஜ் 700 என்றால் உள்ளே 60 மிமீ, அதற்குரிய கொதிநிலை 41.5 டிகிரி. கையேட்டின் 42 இதிலிருந்து வந்ததுதான். ஆனால் கிருஷ்ணகிரி கடல் மட்டத்தில் இல்லை. அந்த ஆலை இருக்கும் இடம் சுமார் 500 மீட்டர் உயரம், வெளிக்காற்று 716 மிமீ அளவில்தான் இருக்கும். ஓசூருக்கு ஏறினால் இன்னும் குறையும். அதே 60 மிமீயை இங்கே எட்டினால் கேஜ் 656-தான் காட்டும்.

அதைவிட முக்கியமாக ஒன்று. இந்த ஊரில் கேஜ் 700 காட்ட வேண்டும் என்றால் உள்ளே 16 மிமீ இருக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 19 டிகிரிக்கும் கீழே கொதிக்கும். அதாவது அந்த ஆவியைத் தண்ணீராக்க 19 டிகிரிக்கும் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். கூலிங் டவரில் இருந்து வருவதோ 28 டிகிரி. எவ்வளவு பெரிய பம்ப் வாங்கினாலும் அந்த எண் வராது. இதை உரிமையாளரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், கையேட்டில் அச்சடித்த எண்ணை நம்பாமல் வேறு எதை நம்புவார்?

சரி, அப்படியென்றால் 640 நல்ல எண்தானே, ஏன் கூழ் கெடுகிறது? இங்கேதான் விஷயம். 716-இல் 640 போனால் உள்ளே 76 மிமீ. அதில் தண்ணீர் 46 டிகிரியில் கொதிக்க வேண்டும். குவிமாடம் 60 காட்டுகிறது. 60-க்கு 149 மிமீ தேவை. கேஜும் தெர்மாமீட்டரும் ஒரே இடத்தைப் பற்றிப் பேசினால் இந்த வித்தியாசம் வரவே முடியாது.

மேற்பார்வையாளர் தெர்மாமீட்டரைச் சந்தேகித்தார். நியாயமான சந்தேகம். கழற்றி ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் போட்டோம். 98-க்குச் சற்று மேல் நின்றுவிட்டது. "பாத்தீங்களா சார், நூறே காட்டல" என்றார். 500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் கொதிப்பது சுமார் 98.3 டிகிரியில், அந்தத் தெர்மாமீட்டர் மிகச் சரியாக இருந்தது. நூறு காட்டியிருந்தால்தான் தூக்கிப் போட வேண்டும்.

கூழின் சர்க்கரையால் கொதிநிலை ஏறுகிறதா என்றும் கேட்டார்கள். 28 பிரிக்ஸில்கூட அந்த ஏற்றம் ஒரு டிகிரிக்குள்தான். ஆழம் ஒரு காரணமாகலாம்: அரை மீட்டர் கூழ் தன் எடையாலேயே அடியில் 37 மிமீ அளவுக்கு அழுத்தத்தைக் கூட்டும். வெளியில் அது ஒன்றுமே இல்லை, ஆனால் 76 மிமீயில் ஓடும் கலத்தில் அது பாதி. அதனால் கூழுக்குள் இருக்கும் தெர்மாமீட்டர் எப்போதும் கூடுதலாகவே காட்டும், அதை வைத்து வழக்காடக் கூடாது. குவிமாடத்து ஆவியின் வெப்பம்தான் பேச வேண்டிய எண். அந்த எண்தான் 60.

கேஜ் எங்கே மாட்டியிருக்கிறது என்று குழாயைத் தொடர்ந்து போய்ப் பார்த்தேன். கண்டென்சருக்குப் பிறகு, பம்பின் வாயில். பானில் கேஜே இல்லை.

பானை ஓட்டுகிறவர் அதுவரை ஓரமாக நின்றிருந்தார். "அண்ணா, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். "பான் மூச்சு விட முடியாம திணறுதுங்க. கண்ணாடில பாத்தா முன்ன மாதிரி குதிக்கல, சோம்பலா பொங்குது" என்றார். கரண்ட் போன அன்றிலிருந்தே அப்படித்தான் என்றும் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு அதுவரை வாய்ப்புக் கிடைத்திருக்கவில்லை.

## சோதனைகளும் முடிவுகளும்

அந்த நேரத்தில் என் சந்தேகம் செபரேட்டர் மேல் விழுந்துவிட்டது. ஆனால் அதைத் திறக்க வேண்டும் என்றால் பானை நிறுத்த வேண்டும். சீசனில் பானை நிறுத்துவது லேசான முடிவல்ல: பழுக்கப்போட்ட அறையில் பழம் காத்திருக்காது, வெளியே லோடு வரிசை நிற்கும். அதனால் திறக்கும் முன் உறுதி செய்துகொள்ள விரும்பினேன்.

ஒரு பேட்ச் முடிந்ததும் கழுவிவிட்டு வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டச் சொன்னேன். கூழின் மேல் பழி போட வழியில்லாமல் செய்வதற்காக. கூடவே இன்னொரு வேக்கம் கேஜை வாங்கி, முதலில் பழைய கேஜுக்குப் பக்கத்திலேயே ஒரே இடத்தில் மாட்டிப் பார்த்தோம். இரண்டும் ஒன்றுதான் காட்டின. பிறகு புதியதைக் குவிமாடத்தில் இருந்த ஒரு உபயோகமில்லாத துளையில் மாட்டினோம். பம்ப் வாயில் 642. குவிமாடத்தில் 580. ஆவி வெப்பம் 58. அட்டவணையில் 58 டிகிரிக்கு 136 மிமீ, 716-இல் 136 போனால் 580. பொட்டு வைத்தது போலப் பொருந்தியது.

இந்தப் பொருத்தம் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. பானில் ஆவியோடு காற்று அதிகம் கலந்திருந்தால் தெர்மாமீட்டர், கேஜ் கணக்குக்குக் கீழே நிற்கும், ஏனென்றால் மொத்த அழுத்தத்தில் ஒரு பங்கு காற்றுடையது, ஆவியின் பங்கு குறைவு. அப்படி இல்லை, ஆகவே பானில் காற்றுக் கசிவு பிரச்சினை இல்லை. இரண்டாவது, பானுக்கும் பம்புக்கும் நடுவே 62 மிமீ எங்கோ தொலைகிறது. வெளியுலகில் 62 மிமீ சிறிய விஷயம். இங்கே 50 டிகிரி நீராவி ஒரு கிலோ 12 கன மீட்டர் இடம் எடுக்கும் (100 டிகிரியில் அதே ஒரு கிலோவுக்கு 1.7 போதும்). மணிக்கு 160, 170 கிலோ ஆவி என்றால் 2000 கன மீட்டர் அந்தக் குழாய் வழியே போயாக வேண்டும். வழியில் ஒரு சின்ன அடைப்பு இருந்தாலும் பான் பக்கம் அழுத்தம் ஏறிவிடும், அழுத்தம் ஏறினால் கொதிநிலை ஏறும்.

கசிவை முழுதாக விலக்க இன்னொரு சோதனை. பானை ஆறவிட்டு, துடைத்துக் காயவைத்து, பம்பை இழுக்கவிட்டு வால்வை மூடி கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காயவைப்பது அவசியம். உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தால் அதுவே ஆவியாகிக் கேஜை இறக்கும், நாம் அதைக் கசிவு என்று நினைப்போம். கேஜ் மெதுவாகவே இறங்கியது, கவலைப்படும் அளவில் இல்லை.

கண்டென்சரின் ஒரு பக்க மூடியையும் கழற்றினோம். அந்தப் பக்கத்துப் போர் தண்ணீர் கடினமானது, கூலிங் டவரில் ஆவியாகி ஆவியாகி உப்பு மட்டும் மீந்துகொண்டே போகும், குழாயில் சுண்ணாம்புப் படிவு இருக்கும் என்று எதிர்பார்த்தேன். மெல்லிய படிவு இருந்தது. ஆனால் அது 62 மிமீக்குக் காரணம் ஆகாது, கண்டென்சர் பக்கம் அழுத்தம் நன்றாகவே இறங்கியிருந்ததே.

அன்று மாலை உரிமையாளரோடு உட்கார்ந்து எடுத்த முடிவுகள் இவை. பம்ப் ஆர்டர் போட வேண்டாம், பம்ப் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு 642-தான் சாட்சி. இரவு கெட்டிக்கூழ் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, பழுத்த பழத்தை வற்றவைக்காத கூழாகவே டின் வரிசைக்குத் திருப்பிவிடலாம், 850 கிராம், 3.1 கிலோ டின்களுக்கு எப்படியும் ஆர்டர் இருந்தது. செபரேட்டரைத் திறக்கலாம். சீசன் முடியும் வரை இப்படியே ஓட்டி ஒப்பேற்றலாமா என்று அவர் கேட்டார். கூடாது என்று சொன்னேன், காரணத்தையும் சொன்னேன்: இது அப்படியே நிற்கும் பழுதல்ல, தினமும் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் பழுது. மந்தம் என்று ஸ்டீமை ஏற்றுகிறார்கள், சுவரில் கூழ் தீய்கிறது, தீய்ந்த படலம் வெப்பத்தைத் தடுக்கிறது, அதனால் மேலும் மந்தம், மேலும் ஸ்டீம்.

மேற்பார்வையாளர் ஒரு யோசனை சொன்னார், கறுத்த கெட்டிக்கூழை நல்ல பேட்சுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துவிடலாம் என்று. நான் கடுமையாக எதிர்த்தேன். நிறத்தையாவது மறைக்கலாம், கருந்துகளை மறைக்க முடியாது, ஒரு டிரம் கெடுவதற்குப் பதில் இருபது டிரம் கெடும். உரிமையாளர் என் பக்கம் நின்றார், அவை தனியாக அடுக்கப்பட்டன.

## திறந்தபோது

செபரேட்டரில் இருந்த கம்பிவலையின் அடிப்பக்கம் பாதிக்கு மேல் காய்ந்த கூழும் நாரும் சேர்ந்து ஒரு தட்டாக இறுகியிருந்தது. விரலால் குத்த முடியவில்லை. பானின் உள்சுவரில் ஜாக்கெட் இருக்கும் பகுதி முழுவதும் கறுத்த படலம், கருந்துகள்கள் வந்த இடம் அதுதான்.

கரண்ட் போன அன்று என்ன நடந்திருக்கும் என்பதை இங்கே விளக்க வேண்டும், ஏனென்றால் எல்லாமே அதிலிருந்து தொடங்கியது. வேக்கத்தை உண்டாக்குவது பம்ப் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஓடும் பானில் வேக்கத்தைப் பிடித்து வைப்பது கண்டென்சர். 12,000 லிட்டர் ஆவி அங்கே ஒரு லிட்டர் தண்ணீராகச் சுருங்குகிறது, அந்தச் சுருக்கம்தான் அழுத்தத்தைக் கீழே வைக்கிறது. பம்பின் வேலை தொடக்கத்தில் காற்றை வெளியேற்றுவது, பிறகு கசிந்து வரும் காற்றையும் கூழில் கரைந்திருந்து வெளிவரும் காற்றையும் அகற்றுவது. குளிர்நீர் நின்றதும் ஆவி சுருங்க இடமில்லை. ஸ்டீம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அழுத்தம் ஏற ஏற கொதிநிலையும் ஏறி, கூழ் 80 டிகிரி வரை போனது.

பிறகு கரண்ட் வந்து குளிர்நீரும் பம்பும் ஒன்றாக ஓடியபோது அழுத்தம் மளமளவென்று இறங்கியது. 50 டிகிரியில் கொதிக்க வேண்டிய அழுத்தத்தில் 80 டிகிரி கூழ் இருக்கிறது. அந்த 30 டிகிரி வெப்பம் வேறு எங்கும் போக முடியாது, அந்த நொடியே தண்ணீரை ஆவியாக்கும். கிலோவுக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 3.7 கிலோஜூல் என்று வைத்தால் 110 கிலோஜூலுக்குச் சற்று மேல், ஆவியாக்க 2380 வேண்டும், ஆக எடையில் 4 முதல் 5 சதவீதம். ஒரு டன்னில் 45 கிலோவுக்கு மேல் ஆவி, 500 கன மீட்டருக்கு மேல், சில நிமிடத்துக்குள். அதுவும் மேற்பரப்பில் மட்டும் அல்ல, கூழின் உடம்பு முழுவதும் குமிழியாக. கூழ் நுரையாகப் பொங்கி ஆவியோடு மேலே போயிருக்கிறது. "கண்டென்சர் தண்ணி மஞ்சள்" என்ற அந்த ஒரு வரிக்கு அர்த்தம் இதுதான், வலையையும் தாண்டிக் கூழ் போயிருக்கிறது. வலையில் தங்கியது காய்ந்தது. அப்புறம் ஸ்டீமை ஏற்றிய ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் துளி வந்து அதன் மேல் சேர்ந்தது.

வலையைக் காஸ்டிக் கரைசலில் ஊறவைத்து, பானிலும் சூடான காஸ்டிக் கரைசலைச் சுழலவிட்டு, நிறையத் தண்ணீரில் அலசினார்கள். விடியும்வரை ஆனது. பானை ஓட்டுகிறவர் வீட்டுக்குப் போகச் சொல்லியும் போகவில்லை.

## பின்விளைவு

மறுநாள் முதல் பேட்ச். ஸ்டீம் ஒரு கிலோவைத் தாண்டக் கூடாது என்று வால்வில் குறி வைத்தோம். பம்ப் வாயில் கேஜ் அதே 640. குவிமாடக் கேஜ் 632, ஆவி வெப்பம் 48. பழைய கேஜை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு ஆலையில் எதுவுமே மாறவில்லை என்றுதான் தோன்றியிருக்கும். பேட்ச் மூன்றரை மணிக்குள் முடிந்தது, அடுத்தடுத்தவை அதற்கும் குறைவாக.

வேகம் திரும்பியதில் கொதிநிலை இறங்கியதன் பங்கு சிறியது, அதைச் சொல்லிவிட வேண்டும். 120 டிகிரி ஸ்டீமுக்கும் 60 டிகிரி கூழுக்கும் இடைவெளி 60, இப்போது 72. ஐந்தில் ஒரு பங்கு ஆதாயம்தான். பெரிய பங்கு சுவரில் இருந்த தீய்ந்த படலத்தை எடுத்ததில் வந்தது. நிறம் திரும்பியதில்தான் கொதிநிலையின் பங்கு பெரியது, குறைந்த வெப்பம், அதுவும் குறைந்த நேரம்.

அந்த லோடுகள் பரிசோதனையில் தேறின. கறுத்த டிரம்களை உள்ளூரில் ஜாம் போடுகிறவர்கள் வடிகட்டிக்கொள்வதாகச் சொல்லிக் குறைந்த விலைக்கு எடுத்தார்கள். அந்த நஷ்டம் நஷ்டம்தான்.

சீசன் முடிவதற்குள் இன்னொரு முறை கரண்ட் போனது. இந்த முறை பானை ஓட்டுகிறவர் முதலில் ஓடியது ஸ்டீம் வால்வுக்கு. கூழ் 56-க்கு மேல் போகவில்லை. கரண்ட் வந்ததும் குளிர்நீர், கலக்கி, அப்புறம் வேக்கம் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக, கண்ணாடியில் நுரையைப் பார்த்துக்கொண்டே. ஸ்டீம் கடைசியில். கண்டென்சர் தண்ணீர் தெளிவாகவே வந்தது, அதையும் லாக் புக்கில் எழுதினார்.

## மாற்றியவையும் மாற வேண்டியவையும்

குவிமாடக் கேஜ் நிரந்தரமாகிவிட்டது. அதன் பக்கத்தில் இந்த ஊருக்கென்றே போட்ட ஒரு அட்டவணையைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அக்கம்பக்கத்து ஆலைக்காரர்களுக்கும் உதவும் என்று இங்கே தருகிறேன், வெளிக்காற்று 716 மிமீ என்று வைத்த கணக்கு:

ஆவி 45 டிகிரி என்றால் கேஜ் 644
50 என்றால் 623
55 என்றால் 598
60 என்றால் 567
65 என்றால் 528
70 என்றால் 482

ஓசூரில் இருப்பவர்கள் ஒவ்வொன்றிலும் சுமார் 30 கழித்துக்கொள்ளலாம். தெர்மாமீட்டர் இதைவிடக் குறைவாகக் காட்டினால் காற்று கலந்திருக்கிறது, கசிவைத் தேடுங்கள். கூடுதலாகக் காட்டினால் கேஜ் பான் பக்கத்தில்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தெர்மாமீட்டரையும் கேஜையும் சோதியுங்கள், இல்லாவிட்டால் நடுவில் அடைப்பைத் தேடுங்கள்.

கரண்ட் போனால் தானாக மூடிக்கொள்ளும் ஸ்டீம் வால்வு ஒன்றைப் பொருத்தச் சொன்னேன். இது ஒரு பம்பின் விலையில் சிறு பகுதி. அடுத்த சீசனுக்குள் பொருத்திவிடுவதாக உரிமையாளர் ஒப்புக்கொண்டார். மனிதர் ஓடிப்போய் மூடுவதை நம்பி ஒரு டன் கூழை வைக்கக் கூடாது என்பதில் எனக்குச் சமரசம் இல்லை. செபரேட்டரைக் கழற்ற ஒரு இரவு ஆனதும் சரியில்லை, அதில் ஒரு கைவாசலும் கழுவும் தெளிப்பானும் வைக்க வேண்டும். இரண்டு கேஜுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு பேட்சிலும் லாக் புக்கில் எழுதுகிறார்கள். 8, 10 என்று இருக்கும் வரை சரி, 20 தாண்டினால் அன்றே வலையைக் கழுவ வேண்டும்.

தீராமல் நிற்பது கூலிங் டவர். அங்கே 100 லிட்டரில் ஒரு லிட்டர் ஆவியாகிப் போனால் மீதித் தண்ணீர் சுமார் 6 டிகிரி குளிரும், அந்த ஆவியாதல் காற்று எவ்வளவு வறண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. வறண்ட காற்று வீசும் மாலையில் 28 டிகிரியில் தண்ணீர் கிடைக்கிறது, மழைக்கு முந்தைய புழுக்கத்தில் 31-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. அந்த மூன்று டிகிரி அப்படியே கண்டென்சருக்கும் பானுக்கும் வந்து சேர்கிறது, 48-இல் கொதித்தது 51-இல் கொதிக்கிறது. காற்றின் ஈரத்தை யாரும் மாற்ற முடியாது, ஆனால் டவருக்குள் தண்ணீரைப் பரப்பிவிடும் அடுக்குகள் உப்பு படிந்து பாதி அடைத்துக்கிடக்கின்றன, அவற்றை மாற்றினால் ஒன்றிரண்டு டிகிரியாவது மீளும் என்று எதிர்பார்க்கிறேன். புது அடுக்குகளுக்கு விலை கேட்டிருக்கிறார்கள். அதுவரை புழுக்கமான நாட்களில் ஒரு பேட்சுக்கு 900 கிலோதான் ஏற்றுகிறார்கள்.